கேம் எழுதும் மகளிடம் ஓர் அம்மா என்ன கேட்கலாம்?

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவில் படிக்கும் உங்கள் மகள், புத்தகத்தை எடுக்கச் சொன்னால் "கேம் எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்வதாகவும், அதைப் படிப்பில் சேர்ப்பதா விளையாட்டில் சேர்ப்பதா என்று புரியவில்லை என்றும் பாம்பனிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பயிற்சி மையம் ஒன்று கோடை வகுப்புக்குக் கேட்கும் கட்டணத்தைக் கட்டலாமா என்பது உங்களுடைய இரண்டாவது கேள்வி; இதனால் வேலை கிடைக்குமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கான விடையை, கணினி தெரியாவிட்டாலும், நீங்களே கண்டுபிடிக்க முடியும்.

கேம் விளையாடுபவரின் திரையில் படமும் ஓசையும் ஓடிக்கொண்டிருக்கும். எழுதுபவரின் திரையில் பெரும்பாலான நேரம் வெறும் எழுத்துகளும், நடுநடுவே பிழைச் செய்திகளும்தான் இருக்கும். இந்த வேறுபாட்டை எட்டிப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம். ஆனால் மூன்றாவது நிலை ஒன்று உண்டு. யூடியூபில் ஒருவர் எழுதிக் காட்டும் நிரலை, அதாவது கணினிக்கான கட்டளைகளை, அப்படியே பார்த்துத் தட்டச்சு செய்துவிட்டு, "நானே செய்தேன்" என்று நம்பிக்கொள்வது. தொடக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பழகுகிறார்கள் என்றாலும், மாதக்கணக்கில் அங்கேயே நின்றுவிட்டால் நிரலாக்கம் வராது. அதனால் உங்களுக்கு விதிகள் தெரிந்த ஓர் ஆட்டத்தை எழுதச் சொல்லுங்கள். பல்லாங்குழி அதற்கு மிகவும் பொருத்தமானது.

பதினான்கு குழிகளை அவள் பைத்தான் என்ற நிரல் மொழியில் பதினான்கு எண்கள் கொண்ட ஒரு பட்டியலாக எழுதுவாள். குழிக்கு ஐந்து சோழி என்றால் ஒவ்வோர் எண்ணும் 5. ஒரு குழியிலிருந்து அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதுதான், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப். கணினி குழிகளை 0 முதல் 13 வரை எண்ணும் என்பதால், 13ஆம் குழிக்கு அப்பால் 14 என்று ஒரு குழி இல்லை; மறுபடி 0க்கு வர வேண்டும். அதை மறந்தால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். (பதினொன்றாம் வகுப்பில் அவள் படிக்கும் சி பிளஸ் பிளஸ் மொழி, இதே தவற்றுக்கு ஒன்றுமே சொல்லாமல் தவறான விடையைத் தந்தாலும் தரும், தொடக்கத்தில் பைத்தானை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.) பதினான்கால் வகுத்து மீதியை எடுத்தால் போதும் என்று அவளே கண்டுபிடிக்கும் நாளில், சின்ன வகுப்பில் படித்த மீதிக் கணக்கு எதற்கு உதவும் என்பது அவளுக்கு விளங்கிவிடும். வெறுங்குழியைத் துடைத்துவிட்டு அதற்கு அடுத்த குழியில் உள்ளதை அள்ளுவது, ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் பசு என்று எடுத்துக்கொள்வது ஆகியவையெல்லாம் "இப்படி இருந்தால் இதைச் செய்" என்ற நிபந்தனைகள். இவற்றில் எதை முதலில் சோதிக்க வேண்டும் என்ற வரிசை தவறினாலும் ஆட்டம் கெட்டுவிடும்.

இங்கேதான் உங்கள் வேலை வருகிறது. அவள் எழுதிய ஆட்டத்தை நீங்கள் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஆடி முடிந்ததும், குழிகளில் இருப்பதையும் இருவரும் வென்றதையும் கூட்டினால் 70 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு சோழி தொலைந்திருக்கிறது. அந்தக் கூட்டலைத் தினமும் நீங்களே செய்யாமல், நிரலே செய்து பார்த்துச் சொல்லும்படி எழுதச் சொல்லுங்கள். பிறகு, "எங்கள் வீட்டில் குழிக்கு ஆறு போட்டு ஆடுவோம், மாற்றிக் கொடு" என்று கேளுங்கள். புரிந்து எழுதியவள் ஓரிடத்தில் 5ஐ 6 ஆக்குவாள். மொத்தம் தானாகவே 84 ஆகிவிடும். பார்த்து எழுதியவள் எங்கெங்கே மாற்றுவது என்று தெரியாமல் திணறுவாள். எந்தச் சான்றிதழைக் காட்டிலும் இந்தத் திணறலை, அல்லது திணறல் இல்லாமையை, நான் நம்புவேன்.

கருவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய மடிக்கணினியே போதும். பைத்தான் இலவசம், ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும், கோடுகளும் வடிவங்களும் வரைந்து பழக டர்ட்டில் என்ற பகுதி அதனுடனேயே வருகிறது. படம் நகரும் ஆட்டங்களுக்குப் பிறகு பைகேம் என்ற கூடுதல் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் மாதத்திலேயே பெரிய முப்பரிமாண ஆட்டம் செய்யப்போகிறேன் என்று கிளம்பினால் மட்டும் தடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது பாதியில் நிற்கும். எண்ணைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் போன்ற சிறியதொன்றை முழுதாக முடிப்பதே மேல்.

இதனால் வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். கேம் நிறுவனங்களில் வேலை என்பதை இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம். மென்பொருள் வேலைகளில் பெரும்பகுதி வங்கி, மருத்துவமனை, வணிகம் ஆகியவற்றின் கணக்குகளைச் சார்ந்தது. அங்கே தேவைப்படும் பொறுமையான பிழை தேடல் ஆட்டம் எழுதுவதில் வந்துவிடும்; தகவல்களை அட்டவணைகளாகச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தைக் கையாளுவது வராது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தானோடு, தகவல்களைக் காற்புள்ளியால் பிரித்துச் சேமிக்கும் சி.எஸ்.வி. கோப்புகளும், தரவுத்தளத்தில் தேடி எடுக்கும் மொழியான எஸ்.கியூ.எல்.லும் இருக்கின்றன. வென்றவர் பெயரையும் புள்ளிகளையும் கோப்பில் சேமித்து, பிறகு அட்டவணையில் தேடி எடுக்கும்படி தன் ஆட்டத்தை அவள் விரிவாக்கினால் அந்தக் குறையும் ஓரளவு தீரும்.

நான் உண்மையில் அஞ்சுவது கணிதத்தைப் பற்றித்தான். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்விப் பாடப்பிரிவில் சேராத மாணவர்களின் தரவரிசைக்குரிய 200 மதிப்பெண்ணில் 100 கணிதத்துக்கு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணினி அறிவியல் மதிப்பெண் அதில் சேராது. எவ்வளவு அழகாக நிரல் எழுதினாலும் இந்த மூன்றில் சறுக்கினால், ராமநாதபுரத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில்கூட விரும்பிய பிரிவு கைநழுவலாம். ஆறாம் வகுப்பு முதல் அவள் அரசுப் பள்ளியிலேயே படித்துவருகிறாள் என்றால், 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கான சான்றுகளை இப்போதே பள்ளியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பொறியியல் அமையாவிட்டாலும் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணினி அறிவியலோ பி.சி.ஏ.வோ படித்து இதே வேலைகளுக்குப் போகலாம்.

பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. கோடை வகுப்புகள் நடக்கும் நாள்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்திலேயே விழுகின்றன. உங்கள் கணவர் விசைப்படகில் தொழில் செய்பவர் என்பதால், வரவு நின்ற அந்த 61 நாள்களில் கடன் வாங்கிக் கட்டும்படி அங்கே எதுவும் கற்றுத்தரப்படுவதில்லை. அந்த விடுமுறையில் காலையில் கணிதம், மாலையில் இரண்டு மணி நேரம் பல்லாங்குழி என்று பிரித்துக் கொடுங்கள். பள்ளி திறந்து பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதும் அது சனி, ஞாயிறு மாலைகளுக்குச் சுருங்கட்டும். அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு, பொதுத்தேர்வின் கடைசித் தாளை எழுதும்வரை, பாடத்துக்குரிய செய்முறைப் பயிற்சியைத் தவிர வேறு நிரல் எதுவும் வேண்டாம் என்று இப்போதே அவளிடம் பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள்.