மைத்துனரின் நர்சரிக்கு மானியம்: வெளியே போனால் போதுமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர்ப் பக்கம் உங்கள் பஞ்சாயத்தில் மரம் நடும் திட்டத்துக்கு மானியம் ஒதுக்கும் குழு. அதில் ஓர் உறுப்பினர், மைத்துனரின் நர்சரி விண்ணப்பம் வந்தபோது மட்டும் எழுந்து போனார், மற்றவர்களுக்கு மதிப்பெண் போட்டார், இது செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சரியாகப் படவில்லை. மற்றவர்களுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தாலே மைத்துனருக்கு லாபம்தானே?

கிரைபக் வழக்கை (1969) எடுத்துக் காட்டுங்கள். ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கு ஆள் எடுத்தார்கள். பொறுப்புத் தலைமை வனப் பாதுகாவலர் தேர்வுக் குழுவிலும் இருந்தார், போட்டியிலும் இருந்தார். தன் பெயர் வந்தபோது விலகிக்கொண்டார். போட்டியாளர்களை எடைபோடும்போது உட்கார்ந்திருந்தார். பாரபட்சம் நடந்ததென்று நிரூபிக்க வேண்டாம், அது நடந்திருக்க நியாயமான சாத்தியம் இருந்தாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் தேர்வையே ரத்து செய்தது. அது வேலை, உங்களுடையது மானியம். ஆனாலும் வாதம் அப்படியே பொருந்தும்.

எடுத்தவுடனே சண்டைக்குப் போகாதீர்கள், ஊர்க்காரர் வேறு. கூட்டக் குறிப்பையும் மதிப்பெண் தாளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தாள் கைக்கு வந்த அப்புறம் திருவனந்தபுரத்தில் இருக்கும் உள்ளாட்சி ஓம்புட்ஸ்மேனுக்கு (உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிப்பவர்) புகார் எழுதலாம்.