பாட்டனார் பெயர் பத்திரத்தில் இருக்கும்

கேள்வி: கொள்ளுத்தாத்தா பெயர் வரைதான் வீட்டில் தெரியும். அதற்கு மேலே எங்கே தேடுவது? (மன்னார்குடி)

குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் இருந்திருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் தொடங்குங்கள். பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் தகப்பனார் பெயர் உண்டு. பாகப்பிரிவினைப் பத்திரம் சிக்கினால் பெரிய அதிர்ஷ்டம். அண்ணன் தம்பிகளோடு, இறந்துபோன பங்காளியின் மைனர் பிள்ளைகள்கூட வரிசையாக வருவார்கள். சொத்து எப்படி வந்தது என்கிற வரியை விட்டுவிடாதீர்கள். கிரையம் வாங்கியது என்றால் பெரும்பாலும் முந்தைய பத்திரத்தின் எண்ணும் வருடமும் அங்கேயே இருக்கும். அதைப் பிடித்து மேலே ஏறலாம்.

கேள்வி: வில்லங்கம் போட்டால் 1975-க்கு முன்னால் எதுவும் வரவில்லையே? (சேலம்)

இணையத்தில் பொதுவாக அவ்வளவுதான். பழையதற்கு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். நில ஆவணங்களைப் புதுப்பித்த யூடிஆர் சமயத்தில் பல ஊர்களில் சர்வே எண் மாறிவிட்டது. அதனால் கிராமத்து நில விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டில் பழைய எண்ணைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: பரணில் 1912-ஆம் வருடத்து அசல் பத்திரம் கிடைத்தது. வாசிக்கவே முடியவில்லை. (காரைக்குடி)

பொறுமையாக, வாய்விட்டு வாசியுங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள், காதுக்குத்தான் பிடிபடும். ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய். அடிக்கடி வரும் ௸ என்பது 'மேற்படி'. '௸யார்' யார் என்று தெரிய முந்தைய வரிக்குத் திரும்பிப் போக வேண்டும். பசலி (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு) போட்டிருந்தால், ஆங்கில வருடத்துக்கு 590 கூட்டுங்கள்: பசலி 1322 என்பது 1912 ஜூலையில் தொடங்கும். கடைசியில் பெயருக்கு நடுவே 'கீறல்' என்று எழுதி ஒரு கோடு இருக்கிறதா? எழுதப் படிக்கத் தெரியாத உங்கள் பாட்டனார் பேனாவை வாங்கித் தன் கையால் இழுத்த கோடு அது. அந்தத் தாளை மடிக்காமல் வையுங்கள்.

கேள்வி: பெண் வழியைத் தேட முடியுமா? (மதுரை)

கடினம்தான். கல்யாணத்தில் மகளுக்கு மஞ்சள்காணியாகக் கொடுத்த நிலத்தின் தானப் பத்திரத்தைத் தேடுங்கள்; மகள் பெயர், மருமகன் பெயர், அவர் ஊர் மூன்றும் கிடைக்கும்.

கேள்வி: எங்களுக்கு நிலமே கிடையாது. பாட்டனாரின் அண்ணன் கூலியாக டர்பன் போனாராம். (வேலூர்)

அப்படியானால் கப்பல் பட்டியல்தான் உங்கள் பத்திரம். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்கப் பகுதியான நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, உடம்பிலுள்ள தழும்புகூட இருக்கும். ஊர்ப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். எழுத்தைப் பார்க்காமல் ஒலியை வைத்துத் தேடுங்கள். ஆள் கிடைத்ததும் அவருக்குக் கொடுத்த எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நடந்த கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் அந்த எண்ணை வைத்துத்தான் தேட வேண்டியிருக்கும்.