‘நாமும் கறுப்புதானே, டாக்டர்?’

உங்களுக்கு இருக்கும் சார்காய்டோசிஸ் (எதிர்ப்பு செல்கள் திரண்டு உறுப்புகளில் சிறு முடிச்சுகளாகும் நோய்) கறுப்பின மக்களுக்கு அதிகம் வரும் என்று நெட்டில் படித்துப் பயந்து, ஜீன் டெஸ்ட் எங்கே எடுக்கலாம் என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் ‘மாடிப்படி ஏறும்போது இரண்டு தடவை கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது’ என்கிறீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

நுரையீரலில் சார்காய்டோசிஸ் இருப்பவருக்குக் கண் இருட்டினாலோ, காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தாலோ, இதயத்தைப் பார்த்தே ஆகவேண்டும். நுரையீரலில் இருக்கும் அதே சிறு முடிச்சுகள், இதயத்துக்குள் மின்துடிப்பு ஓடும் பாதையிலும் உட்காரலாம். பாதை அடைபட்டால் துடிப்பு தடுமாறும், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். நாளைக்கே ஓர் இ.சி.ஜி. எடுங்கள். நார்மல் என்று வந்தாலும் அதோடு விடக்கூடாது. எக்கோ, இதயத்துடிப்பை 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி, சந்தேகம் தீராவிட்டால் இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். மயங்கி விழுந்தால் நேரே எமர்ஜென்சி.

சரி, நெட்டில் படித்துப் பயந்த விஷயம். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது, நாள்பட்டும் இழுக்கிறது என்பது உண்மை. அதில் மரபணுவோடு வறுமைக்கும், வைத்தியம் தாமதமாகக் கிடைப்பதற்கும் பங்கு உண்டு. தோலின் நிறத்துக்கு இல்லை. மரபணு என்றால் இங்கே முக்கியமாக எச்.எல்.ஏ. மரபணுக்கள். அவை செய்யும் புரதம் ஒரு தட்டு மாதிரி. உடலுக்குள் வந்த பொருளின் துணுக்கை ஏந்தி, டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்களுக்குக் காட்டும். தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. ஸ்வீடனில் டி.ஆர்.பி.1*03 என்ற வடிவம் உள்ள நோயாளிகளில் பலருக்குக் காய்ச்சல், கணுக்கால் வீக்கம், காலில் சிவந்த கட்டிகள் என்று ஆர்ப்பாட்டமாக ஆரம்பிக்கும். பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாக அடங்கிவிடும். ஜப்பானியர்களுக்குக் கண்ணும் இதயமும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. டி.ஆர்.பி.1*11:01 என்ற வடிவமோ அமெரிக்காவில் கறுப்பர், வெள்ளையர் இருவருக்குமே ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரிந்தது. இதில் நிறம் எங்கே வந்தது?

டெஸ்ட் எடுத்து இதில் எந்த வடிவம் உங்களுக்கு என்று தெரிந்தாலும் நான் எழுதும் மருந்து மாறப்போவதில்லை. காசை ஹோல்டருக்கு வையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அப்போதும் அரிதுதான். அவர்களுக்கு எக்ஸ்ரே எல்லாம் வேண்டாம். இது டி.பி. அல்ல, ஒட்டாது. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கிற வேலையை இன்றே விடுங்கள்.

அப்புறம், ‘எதிர்ப்பு சக்திக்கு’ என்று நீங்களாக வாரம் ஒன்று போடும் 60,000 யூனிட் வைட்டமின் டி. யார் எழுதிக் கொடுத்தது, யூடியூபா? உங்கள் உடம்பிலுள்ள முடிச்சுகளே வைட்டமின் டி-யைக் கட்டுப்பாடில்லாமல் வீரியமாக்கிக்கொண்டிருக்கலாம். மேலே நீங்களும் கொட்டினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகம் கெடும். மாத்திரையை நிறுத்துங்கள். இ.சி.ஜி. எடுக்கும் அன்றே கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டுகளோடு உங்கள் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். கண் இருட்டிய கதையை அவரிடமாவது முதல் வரியில் சொல்லுங்கள்.