உயரம் கூட்டிய ஜீப், விரிசல் விட்ட ஹவுசிங்: நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: போடி பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறேன். என்னுடையது 1994 மாடல் மஹிந்திரா எம்.எம். 540 ஜீப். மலைப்பாதைக்காகப் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) தூக்கி மாட்டி நாலு இன்ச் உயரம் கூட்டியிருக்கிறேன். பின் ஆக்ஸில் வேறொரு ஜீப்பில் இருந்து எடுத்துப் போட்டது. பின்பக்க ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (இன்ஜின் சக்தியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் சுழல்தண்டு) உதறத் தொடங்கியதால் கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அவர்களே அளவெடுத்து, லேத்தில் புது ஷாஃப்ட் செய்து மாட்டி 18,500 ரூபாய் வாங்கினார்கள். பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான். மூன்றாவது வாரம் தோட்டத்து ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் டிரான்ஸ்ஃபர் கேஸின் (சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) ஹவுசிங், அதாவது வெளிக்கூடு, விரிசல் விட்டு ஆயில் மொத்தமும் கொட்டிவிட்டது. சரிசெய்ய 41,000 ரூபாய். கேட்டால், "வண்டியை மாற்றியது நீங்கள், நாங்கள் பொறுப்பில்லை. ஷாஃப்டைக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம்" என்கிறார்கள். வழக்குப் போட்டால் ஆர்.டி.ஓ. தொந்தரவு வருமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் ஒன்று. அந்த ஷாஃப்டை அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பக்கம் இருக்கும் முக்கியமான சாட்சி அதுதான். துடைக்காமல், கிரீஸ்கூட எடுக்காமல், சாக்கில் கட்டி வையுங்கள்.

மாற்றம் செய்யாத ஜீப் என்றால் கடையில் மாடல் பெயரைச் சொன்னாலே ஷாஃப்ட் எடுத்துத் தருவார்கள். உங்களுடையது கலவை வண்டி. ஆர்.சி.யில் இருக்கும் பெயரை வைத்து அதற்கு ஷாஃப்ட் தேர்ந்தெடுக்க முடியாது. நாலு சக்கரமும் தரையில் இருக்க, வண்டியின் பாரம் பட்டையில் இறங்கியிருக்கும்போது, ஷாஃப்டின் இரு முனையும் மாட்டும் இரண்டு ஃபிளேஞ்சுக்கும் இடையே அளக்க வேண்டும். கிராஸின் (ஷாஃப்ட் முனை மடங்கிச் சுழல உதவும் சிலுவைத் துண்டு) கப் விட்டம், அதன் மொத்த அகலம், ஸ்பிளைன் பல் எண்ணிக்கை, ஃபிளேஞ்ச் போல்ட் ஓட்டைகளின் இடைவெளி எல்லாம் பார்க்க வேண்டும். உயரம் கூட்டிய வண்டியில் ஷாஃப்டின் சரிவும் கூடிவிடும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வேலை நடந்தபோது எடுத்த, நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேஸிஸில் ஜாக்கி போட்டுத் தூக்கியிருக்கிறார்கள். பின் ஆக்ஸில் கீழே தொங்குகிறது. அந்த நிலையில்தான் மெக்கானிக் டேப் பிடித்திருக்கிறார். தொங்கும் ஆக்ஸிலுக்கு அளவெடுத்தால் ஷாஃப்ட் நீளமாகத்தான் அமையும். வண்டி தரைக்கு வந்ததும் ஸ்லிப் ஜாயிண்ட் (ஷாஃப்ட் நீளவும் குறுகவும் இடம் தரும் நழுவும் இணைப்பு) ஏறக்குறைய முழுசாக உள்ளே போய்விடும். பள்ளத்தில் விழுந்து பட்டை அமுங்கும்போது ஷாஃப்ட் இன்னும் குறுக வேண்டும். குறுக இடமில்லை. அந்த இடி நேராக டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் விழும். நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். நான் வக்கீல், மெக்கானிக் இல்லை. எனவே ஓர் ஆட்டோமொபைல் இன்ஜினியரிடம் ஷாஃப்டையும் ஹவுசிங்கையும் சேர்த்துக் காட்டி, ஸ்லிப் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்ற தடத்தோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

இனி சட்டம். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் 16-வது பிரிவு உங்களுக்கு ரொம்ப முக்கியம். என்ன காரியத்துக்கு வேண்டும் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்குப் பொருந்தியே ஆக வேண்டும். ஆனால் அதிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. குறிப்பிட்ட வணிகப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. "540 ஷாஃப்ட் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி நீங்களே மாட்டியிருந்தால், வழக்குப் போட வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். இங்கே வண்டியைப் பார்த்தது, தூக்கியது, அளந்தது, செய்தது, மாட்டியது எல்லாம் அவர்கள்.

அதனால் உங்கள் புகாரில் மாற்றத்தை மறைக்காதீர்கள். உயரம் கூட்டிய வண்டி, வேறு ஆக்ஸில் என்பது தெரிந்தேதான் வேலையை எடுத்தார்கள் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். நீங்கள் பயப்படும் விஷயம்தான் இங்கே உங்களுக்குப் பலம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஒர்க்‌ஷாப் கோவையில் இருக்கிறது என்பதற்காக அங்கே அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் ஊர் போதும். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை (இதை நானே சொல்கிறேன் என்று சக வக்கீல்கள் கோபிக்க வேண்டாம்). சேவைக் குறைபாடு என்பதை முதன்மையாக வையுங்கள். பில் தராததே 2(47)-வது பிரிவின்படி முறையற்ற வணிக நடைமுறைதான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொருள் பொறுப்பு (குறையுள்ள பொருளால் வந்த சேதத்துக்குச் செய்தவரும் விற்றவரும் பொறுப்பு) என்ற வாதத்தையும் கூடவே வைக்கலாம். எதிர்த்தரப்பு உடனே அதே சட்டத்தின் 87-வது பிரிவைத் தூக்கும். பாதிப்பு நடந்த நேரத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்றவர் பொறுப்பில்லை என்கிறது அது. இந்த வழக்கில் 'பொருள்' ஷாஃப்ட், ஜீப் அல்ல. ஷாஃப்டை நீங்கள் தொடவேயில்லை. இந்த ஒரு வரியை மறக்காதீர்கள்.

இன்னொரு கேள்வியும் வரும்: தோட்டத்து வண்டி என்றால் வணிகப் பயன்பாடுதானே, நீங்கள் எப்படி நுகர்வோர்? சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவருக்குச் சட்டம் விலக்கு தருகிறது. வாடகைக்குச் சவாரி ஓட்டியிருந்தால் அதை என்னிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சரி, ஆர்.டி.ஓ. விஷயம். இங்கே ஆறுதல் சொல்ல முடியாது. தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு சேர்த்த 182ஏ(4)-ன்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தேய்ந்த ஷாஃப்டை மாற்றுவது ரிப்பேர்தான், அதில் சிக்கல் இல்லை. பட்டையைத் தூக்கியதும், வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் இடைத்தூரம்) மாறியிருந்தால் அதுவும்தான் சிக்கல். நுகர்வோர் ஆணையம் இதற்கு அபராதம் போடாது. ஆனால் புகாரில் நீங்கள் எழுதுவது உங்கள் ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி. எதிர்த்தரப்பு அதை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ.விடம் போகலாம். நஷ்டஈட்டைக் குறைக்கவும் ஆணையத்துக்கு அது ஒரு காரணமாகலாம்.

எனவே என் யோசனை: இன்ஜினியர் அறிக்கையும் படங்களும் எடுத்து முடித்தபின், ஹவுசிங் வேலை நடக்கும்போதே பட்டையைப் பழைய நிலைக்கு இறக்கிவிடுங்கள். எப்படியும் 2029-ல் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டியாக வேண்டும். உயரம் இறங்கினால் ஷாஃப்ட் அளவும் மாறும். இந்தத் தடவை தரையில் நிறுத்தி அளக்கச் சொல்லுங்கள், அளவுகளைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

புகாருக்கு முன் ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கொடுங்கள். கட்டாயமில்லை, ஆனால் பல ஒர்க்‌ஷாப்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடும். அப்புறம், அந்த வாட்ஸ்அப் படம் இருக்கும் போனை மாற்றவோ ஃபார்மேட் செய்யவோ வேண்டாம். படத்தைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4)-வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். அதற்கு அந்தப் போன் உங்கள் கையில் இருப்பது நல்லது.