லிங்க்டுஇன் தொடங்கும் முன் பழைய ஃபேஸ்புக் பதிவுகளை எல்லாம் அழித்துவிட வேண்டுமா?

இப்படிக் கேட்டவர் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் வேலை தேடுகிறவர் என்று தோன்றுகிறது. காலேஜ் படங்களுக்குப் பயப்படாதீர்கள். ஃபேஸ்புக் செட்டிங்ஸில் பழைய பதிவுகளை மொத்தமாக 'நண்பர்களுக்கு மட்டும்' என்று மாற்றிவிடலாம், பத்து நிமிட வேலை. இனிமேல் பெருமையாகப் போடப்போகும் படத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

நான் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தேன். ஒரு பாகம் விடாமல் ரிஜெக்ட் ஆகிக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன்: பாகத்தை மெஷினில் அசையாமல் பிடிக்கிற கிளாம்ப் இறுக்கும்போதே பாகம் லேசாக வளைகிறது. மெஷினில் வட்டமாக இருக்கும் போர் (bore, பாகத்தில் குடையும் துளை), கழற்றியதும் ஓவலாகிவிடுகிறது. கிளாம்பை மாற்றினோம், சரியானது. அந்தச் சந்தோஷத்தில் அளவு பார்க்கிற சமதளக் கல்லான சர்ஃபேஸ் பிளேட்டில் பாகத்தை வைத்துப் படம் எடுத்து லிங்க்டுஇன்னில் போட்டேன்.

படத்தில் பின்னால் கஸ்டமர் கொடுத்த பாகத்தின் டிராயிங் தொங்கியது. பெரிதாக்கினால் ரிவிஷன் நம்பர் வரை படிக்கலாம். மறுநாள் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். பதிவை அழித்தேன், ஸ்கிரீன்ஷாட் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. வேலை போகவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதினேன், அந்த வருட இன்கிரிமென்ட் இல்லை.

'கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட்டைப் படிக்கவில்லையா' என்று கேட்பீர்கள். படித்தேன். டிராயிங்கை யாருக்கும் அனுப்பக் கூடாது என்பதுதான் மனதில் நின்றது. பின்னால் தொங்குவதும் அனுப்பியதாகும் என்று தோன்றவில்லை.

அப்புறம் அதே போர் விஷயத்தைப் படம் இல்லாமல், கஸ்டமர் பெயர் இல்லாமல் எழுதினேன். என்ன குறை, எதை வைத்து அளந்தேன், எப்படிப் பிடிபட்டது, அவ்வளவுதான். இப்போதைய கம்பெனி கூப்பிட்டது அதைப் பார்த்துத்தான். இன்டர்வியூவில் பாதி நேரம் கிளாம்ப் பற்றியே பேசினோம். பெயருக்குக் கீழே வரும் வரியிலும் வெறும் 'குவாலிட்டி இன்ஜினியர்' வேண்டாம், 220 எழுத்து இடம் இருக்கிறது, எதை அளக்கத் தெரியும் என்று எழுதுங்கள். வேலை தேடுவதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள். உங்கள் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது என்று லிங்க்டுஇன்னே உறுதி தருவதில்லை, அதையும் மனதில் வையுங்கள்.

ஊர் என்ற இடத்தில் பெங்களூர் என்று போடச் சொல்வார்கள். நான் கிருஷ்ணகிரி என்றுதான் போட்டிருக்கிறேன். மாவட்டத் தலைநகரம், ஆனால் ஊருக்குள் ரயில் கிடையாது. ஓசூருக்கு ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறோம். 'அவ்வளவு தூரத்திலிருந்து நேரத்துக்கு வருவீர்களா' என்று எச்.ஆர். கேட்கும்போது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஏழு வருடத்தில் முதல் ஷிஃப்டுக்கு நான் தாமதமாக வந்தது இரண்டே நாள். இரண்டும் சூளகிரி அருகே லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்ட நாட்கள்.