சைகோன் பூங்காவின் கூண்டுகள் – கடிதம்

வணக்கம்.

வியட்நாமின் சைகோன் நகரம் பற்றிய உங்கள் பயணக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் தாவ் டான் பூங்காவுக்குப் போனேன். மரங்கள் அருமை. ஆனால் ஓர் ஓரத்தில் வரிசையாக மூங்கில் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பறவை. அதன் கீழே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு பேசிச் சிரிக்கிறார்கள். மனசே ஆறவில்லை, பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். இதைப் பற்றி நீங்கள் ஏன் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

எழுதியிருக்க வேண்டும். அந்தப் பூங்காவின் மேல் இருந்த பிரியத்தில் விட்டுவிட்டேன், தவறுதான்.

அந்தக் கூண்டுகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காலை ஆறு மணி இருக்கும். ஒரு பெரியவர் ஸ்கூட்டரில் துணி போர்த்திய கூண்டோடு வந்தார். கம்பியில் மாட்டிவிட்டு, துணியை ஒரேயடியாக எடுக்காமல் ஒரு பக்கம் மட்டும் விலக்கிக் காத்திருந்தார். உள்ளே செம்மீசைச் சின்னான். நம் நீலகிரித் தோட்டங்களில் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு திரிகிற அதே பறவை. அங்கே ‘சாவ் மாவ்’ என்கிறார்கள். பக்கத்துக் கூண்டில் ஒன்று குரல் கொடுத்ததும் இதுவும் ஆரம்பித்தது. பெரியவர் டப்பாவிலிருந்து ஒரு வெட்டுக்கிளியை எடுத்து, அதன் முரட்டுக் கால்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு, கூண்டின் இடுக்கில் நீட்டினார். குழந்தைக்கு ஊட்டுகிற பதம். அவருக்குப் பாசம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பாட்டு என்ன தெரியுமா? ‘இது என் இடம், கிட்டே வராதே’ என்று ஓர் ஆண் பறவை இன்னொன்றை விரட்டுவது. காட்டில் என்றால் ஒன்று பறந்து போய்விடும், அதோடு சரி. இங்கே இரண்டுமே போக முடியாது, அதனால் விடாமல் பாடுகின்றன. கூண்டுகளை அடுத்தடுத்து மாட்டுவதே அதற்காகத்தான். சின்னான், குண்டுகரிச்சான், சோலைப்பாடி என்று நன்றாகப் பாடுகிற இனங்களாகப் பார்த்துப் பிடித்துப் பிடித்து, தென்கிழக்காசியாவில் பல காடுகள் ஓசை அடங்கிக் கிடக்கின்றன. உங்கள் மனசு ஆறாதது நியாயம். நான் சமாதானம் சொல்ல வரவில்லை.

என் வருத்தமெல்லாம் நீங்கள் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டீர்களே என்பதுதான்.

அந்தப் பூங்காவின் 10 ஹெக்டேரும் ஒரு காலத்தில் பிரெஞ்சு ஆளுநரின் நொரோடோம் மாளிகைத் தோட்டத்தைச் சேர்ந்தது. 1869-இல் குறுக்கே சாலை போட்டுப் பிரித்து, ஊர்ப் பூங்கா ஆக்கினார்கள். மாளிகை இருந்த இடத்தில் இன்று நிற்பதுதான் சுதந்திர மாளிகை. சைகோனின் சந்து வீடுகளைப் பார்த்திருப்பீர்கள், அகலம் பத்துப் பன்னிரண்டு அடிகூடத் தேறாது, மூன்று தலைமுறை உள்ளே இருக்கும். அந்த வீடுகளிலிருந்து விடியுமுன்பே கிழவிகள் விசிறியோடு வந்துவிடுகிறார்கள். பாட்டுக்கு ஏற்ப எல்லா விசிறிகளும் ‘படக்’கென்று ஒன்றாக விரியும். பக்கத்தில் இறகுப்பந்தைக் காலால் உதைத்து ஆடுகிறார்கள். டிக்கெட் கிடையாது. வீட்டில் இல்லாத முற்றம் அவர்களுக்கு அங்கே இருக்கிறது.

அடுத்த முறை ட்ருவோங் டின் சாலை வழியாக வாருங்கள். அங்கேதான் மாரியம்மன் கோயில். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் ஆட்கள் கட்டியது. இப்போது கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்களும் சீனர்களும்தான். பின்சுவரின் கல்லில் நெற்றியை வைத்து, காதில் சொல்வதுபோல அம்மனிடம் வேண்டிக்கொள்கிறார்கள். கும்பிட்டுவிட்டு அதே சாலையில் சில நிமிடம் நடந்தால் பூங்கா. சாலை அதை இரண்டாக வகிர்ந்துகொண்டு போகும்.

கோடையில் போனால் இன்னும் நல்லது. ‘சௌ’ என்று அவர்கள் சொல்லும் உயர்ந்த மரங்களிலிருந்து இரண்டு இறக்கை வைத்த காய்கள் சுற்றிச் சுற்றி இறங்கும். ஒரு சிறுமி அதைப் பொறுக்கி, தலைக்கு மேல் வீசி, அது தரையைத் தொடுவதற்குள் மூன்று தட்டாமாலை சுற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால்மணி நேரத்துக்கு மேல் நின்று பார்த்தேன். ஒரு தடவைகூட அவளால் மூன்றை முடிக்க முடியவில்லை.