சொந்தக் கணக்கில் எழுதியதற்கு வேலையைப் பறிக்கலாமா?

கேள்வி: ஒரு தனியார் நிறுவனத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். கடைசி இரண்டு வருடமாக டீம் லீட், எனக்குக் கீழே பதினோரு பேர். வேலை விஷயத்தில் என் மேல் ஒரு புகாரும் கிடையாது. ஃபேஸ்புக்கில் ஜாலியாக எழுதுவேன், நண்பர்கள் மட்டும் பார்க்கிற மாதிரிதான் வைத்திருந்தேன். பிரசவ விடுப்பை ‘சம்பளத்தோடு ஊர் சுற்றல்’ என்று கிண்டலடித்தும், பெண்களுக்குப் பதவி உயர்வு எப்படிக் கிடைக்கிறது என்று கொஞ்சம் பச்சையாகவும் சில பதிவுகள் போட்டிருந்தேன். யார் பெயரையும் குறிப்பிடவில்லை. யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எச்.ஆருக்கு அனுப்பிவிட்டார்கள். கூப்பிட்டு விசாரித்தார்கள், ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்றேன். அன்று சாயங்காலமே லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் நேரத்துக்கு வெளியே, என் போனில், என் கணக்கில் எழுதியது இது. கருத்துச் சுதந்திரம் என்று ஒன்று இல்லையா? வழக்குப் போட்டால் ஜெயிக்குமா? யார் போட்டுக்கொடுத்தது என்று எனக்கு ஓரளவு தெரியும், அவரைச் சும்மா விடுவதா? அடுத்த இன்டர்வியூவில் என்ன சொல்வது?

பதில்: தம்பி, வேலை போன கோபத்தில் எழுதிய கடிதம் என்பது வரிக்கு வரி தெரிகிறது. இருக்கட்டும், ஏழு வருட வேலை ஒரே சாயங்காலத்தில் போனால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன், ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடப்போவதில்லை.

கருத்துச் சுதந்திரத்தை முதலில் முடித்துவிடுவோம். பெரும்பாலான நாடுகளின் அரசியல் சாசனத்தில் இருக்கும் அந்த உரிமை, அரசாங்கம் உங்கள் வாயை அடைக்கக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. தனியார் முதலாளி உங்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. 1981ல் அமெரிக்க அதிபர் ரீகன் சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்ட ஓர் அலுவலக ஊழியர், அடுத்த முறை சுடுகிறவர்கள் குறி தவறக் கூடாது என்கிற அர்த்தத்தில் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, அவருடைய வேலை போனது. 1987ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது, அதுவும் ஐந்துக்கு நான்கு என்று மயிரிழையில். அவர் வேலை பார்த்தது அரசு அலுவலகம், பார்த்தது எழுத்தர் வேலை, பொதுமக்களோடு அவருக்குத் தொடர்பு கிடையாது, அவர் பேச்சால் அலுவலகத்தில் எந்த வேலையும் கெடவில்லை. இத்தனையும் கூடி வந்ததால் அவர் ஜெயித்தார். உங்களுக்கு இதில் எது பொருந்துகிறது என்று நீங்களே பாருங்கள்.

அதற்காகத் தனியார் ஊழியருக்குப் பாதுகாப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். அவரைக் காப்பாற்றுவது தொழிலாளர் சட்டமும் அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும்தான். 2012ல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு வீட்டுவசதி நிறுவனத்தின் மேலாளர், தேவாலயங்களில் ஓரினச் சேர்க்கையாளர் திருமணம் நடத்துவது பற்றித் தன் ஃபேஸ்புக்கில் மென்மையான வார்த்தைகளில் ஆட்சேபம் எழுதினார். நிறுவனம் அவரைப் பதவியிறக்கி, சம்பளத்தில் 40 சதவீதத்தைக் குறைத்தது. நீதிமன்றம் அது ஒப்பந்த மீறல் என்றது. ஜெயித்துவிட்டார், ஆனால் கைக்கு வந்த நஷ்ட ஈடு 100 பவுண்டுக்கும் குறைவு! அதே நாட்டில் 2014ல் இன்னொரு வழக்கு. கடைகளில் மோசடி தடுக்கும் வேலையிலிருந்த ஓர் ஊழியர் தன் சொந்த ட்விட்டர் கணக்கில் பலரையும் கன்னாபின்னாவென்று திட்டி வந்தார். அந்தக் கணக்கை அவர் கம்பெனியின் 65 கடைகள் பின்தொடர்ந்தன. அவரை நீக்கியது நியாயமில்லை என்று கீழே வந்த தீர்ப்பை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. சொந்தக் கணக்கு என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

ஆக, நீதிமன்றங்கள் துருவிப் பார்ப்பது எழுதிய நேரத்தையும் போனையும் அல்ல, எழுதியதற்கும் நீங்கள் பார்க்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்பதை. நீங்கள் கேட்காமல் விட்டதும் இதுதான்.

உங்களுக்குக் கீழே பதினோரு பேர் என்கிறீர்கள். அதில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை, இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அவர்களுடைய அப்ரைசலில் மார்க் போட்டது யார்? விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டது யார்? யாரைப் பதவி உயர்வுக்குப் பரிந்துரைப்பது என்று மேலே சொல்லி அனுப்பியது யார்? எல்லாம் நீங்கள். இரண்டு வருடமாக நீங்கள் போட்ட மார்க் அத்தனையும் நேர்மையானது என்றே வைத்துக்கொள்வோம். இனிமேல் அதை யார் நம்புவார்கள்? போன வருடம் பதவி உயர்வு கிடைக்காமல் போன ஒரு பெண், ‘என் வேலை சரியில்லை என்றா தரவில்லை, அல்லது நான் ஆறு மாதம் விடுப்பில் போனேன் என்றா’ என்று கேட்டால், உங்கள் கம்பெனி என்ன பதில் சொல்லும்? அவர் வழக்குப் போட்டால் அந்த ஸ்க்ரீன்ஷாட்தான் முதல் ஆவணம். எச்.ஆர். அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் உங்கள் நகைச்சுவை உணர்வை அளந்துகொண்டிருக்கவில்லை. இவரை இந்த நாற்காலியில் இன்னும் ஒரு வருடம் வைத்திருந்தால் நமக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டார்கள்.

பெயர் குறிப்பிடவில்லை என்கிறீர்கள். ‘பெண்கள்’ என்று பொதுவாக எழுதினால் உங்கள் டீமில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணும் அதில் தன்னைப் பார்க்கத்தான் செய்வார். பெயர் போட்டிருந்தால் ஒருவரோடு போயிருக்கும்.

ஒன்று மட்டும் உங்கள் பக்கம் நின்று சொல்வேன். ஒரே நாளில் கூப்பிட்டு, கேட்டு, மாலையில் அனுப்பியது அவசரம். எழுத்தில் குற்றச்சாட்டு கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தந்து, முந்தைய ஏழு வருடத்தையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். எச்சரிக்கை, டீம் லீட் பொறுப்பிலிருந்து இறக்குவது என்று இடையில் வேறு படிகளும் இருந்தன. உங்கள் நாட்டுச் சட்டமும் கம்பெனியின் விதிகளும் இதையெல்லாம் கட்டாயமாக்கியிருந்தால், உங்கள் வழக்கு அங்கேதான் இருக்கிறது. கருத்துச் சுதந்திரத்தில் இல்லை. எனவே நீக்கக் கடிதத்தை எடுத்து என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள், கடிதமே தரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதங்களில் சமூக ஊடகக் கொள்கை என்று ஏதாவது இருந்ததா என்று தேடுங்கள் (படிக்காமல்தான் போட்டிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான்). பிறகு ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். இந்த வழக்குகளுக்குக் காலக்கெடு ரொம்பக் குறைவு. ஜெர்மனியில் கடிதம் கைக்கு வந்த மூன்றே வாரத்துக்குள் நீதிமன்றம் போக வேண்டும். ‘நீங்களே ராஜினாமா செய்ததாக எழுதிக் கொடுங்கள்’ என்று கம்பெனி கேட்டால் அவரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அனுபவச் சான்றிதழுக்கு அது நல்லதாக இருக்கலாம், ஆனால் வழக்கு உரிமை போய்விடலாம்.

பதிவுகளையும் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். முழுசாக என்ன எழுதினீர்கள், எந்தத் தேதியில், யார் பார்க்கிற மாதிரி என்பது உங்களுக்கே ஆதாரமாகத் தேவைப்படும். ஃபேஸ்புக்கிலேயே உங்கள் தகவல் அனைத்தையும் பதிவிறக்கும் வசதி இருக்கிறது, முதலில் அதைச் செய்யுங்கள். அப்புறம், வழக்கறிஞர் சரி என்றால், பழைய பதிவுகளை மொத்தமாக மறைக்கலாம், நீக்கலாம். செயல்பாட்டுப் பதிவேட்டில் அந்த வசதி 2020லிருந்து உண்டு.

போட்டுக்கொடுத்தவர் யார் என்ற ஆராய்ச்சியை இன்றோடு நிறுத்துங்கள். ‘ஓரளவு தெரியும்’ என்றால் தெரியாது என்றுதான் அர்த்தம். நண்பர்கள் மட்டும் என்று பூட்டி வைத்தால் அது நான்கு சுவருக்குள் பேசியது மாதிரி என்று நினைத்துவிட்டீர்கள். 2013 டிசம்பரில் ஒரு மக்கள் தொடர்பு அதிகாரி, லண்டனிலிருந்து கேப் டவுன் போகும் விமானத்தில் ஏறுவதற்கு முன், எய்ட்ஸையும் நிறத்தையும் வைத்து ஒரு வரி ட்வீட் போட்டார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் சுமார் 170 பேர். 11 மணி நேரம் கழித்து அவர் இறங்கி போனை ஆன் செய்தபோது உலகம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது, வேலையும் போனது. உங்கள் நண்பர்கள் பட்டியலில் எத்தனை பேர்? அதில் ஒருவருக்கு மனைவி, ஒருவருக்குத் தங்கை, ஒருவருக்கு உங்கள் டீமில் தோழி. சந்தேகப்படுகிறவருக்கு நள்ளிரவில் ஒரு மெசேஜ் தட்டிவிட்டீர்கள் என்றால் அடுத்த ஸ்க்ரீன்ஷாட் அதுதான், அது போலீஸுக்கும் போகலாம். இன்னொன்று, அனுப்பியவர் எதையும் இட்டுக்கட்டவில்லை. நீங்கள் எழுதியதை, நீங்கள் எழுதியபடியே, எடுத்துக் காட்டியிருக்கிறார்.

இப்போது அந்த மன்னிப்பு. ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்கிற மன்னிப்பை எச்.ஆர். அறைகளில் தினம் கேட்கிறார்கள். தவறு எழுதியவனிடம் இல்லை, வாசித்தவர்களின் மெல்லிய தோலில் இருக்கிறது என்று சொல்கிற மன்னிப்பு அது. இதைவிட மோசமாகவும் செய்தவர்கள் உண்டு. 2018 மே மாதம் அமெரிக்க நடிகை ரோசேன் பார் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றி இனவெறி ட்வீட் போட, ஏபிசி தொலைக்காட்சி அன்றைக்கே அவருடைய தொடரை நிறுத்தியது. அவர் தூக்க மாத்திரையின் மேல் பழியைப் போட்டார். மாத்திரை தயாரிக்கும் சனோஃபி நிறுவனம், எல்லா மருந்துக்கும் பக்க விளைவு உண்டு, ஆனால் எங்கள் மருந்து எதற்கும் இனவெறி பக்க விளைவு என்று தெரியவரவில்லை என்று பதில் ட்வீட் போட்டது. சாக்குச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் இதுதான் நடக்கும், ஊரே சிரிக்கும்.

இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஆலி ராபின்சனைப் பாருங்கள். 2021 ஜூனில் லார்ட்ஸில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடிய நாளிலேயே, 2012, 2013ல் போட்ட அசிங்கமான ட்வீட்டுகள் வெளியே வந்தன. ஆட்டம் முடிந்த அன்று மாலையே அவர் கேமரா முன்னால் வந்து, அவை இனவெறியும் பெண் வெறுப்பும் கொண்ட ட்வீட்டுகள் என்று தன் வாயாலேயே சொன்னார், வெட்கப்படுகிறேன் என்றார். அந்தப் போட்டியில் ஏழு விக்கெட் எடுத்தும் அடுத்த டெஸ்ட்டில் அவரைச் சேர்க்கவில்லை. அப்புறம் 8 போட்டித் தடை, அதில் 5 நிறுத்திவைப்பு, 3,200 பவுண்டு அபராதம். ஆகஸ்டில் இந்தியாவுக்கு எதிராகத் திரும்பி வந்து அந்தத் தொடரில் 21 விக்கெட் எடுத்தார். பந்து ஸ்விங் ஆகிறவனுக்குக் கதவு சீக்கிரம் திறக்கும், உங்களுக்கும் எனக்கும் அவ்வளவு சீக்கிரம் திறக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்ததை அதன் பெயரைச் சொல்லி ஒப்புக்கொண்டது அவருக்கு உதவியது.

இன்டர்வியூவிலும் இதேதான். பொய் சொல்லாதீர்கள். பழைய கம்பெனியில் ஒரு போன் போட்டு விசாரித்தாலே தெரிந்துவிடும், அப்போது இரண்டாவது வேலையும் போகும், இந்த முறை பொய்க்காக. அதே சமயம் கேட்காமலே கதை முழுவதையும் கொட்டவும் வேண்டாம். ஏன் வெளியே வந்தீர்கள் என்று கேட்டால் நான்கு வரி போதும்: ‘என் சொந்தக் கணக்கில் பெண்களை இழிவுபடுத்தும் பதிவுகள் போட்டேன். டீமை நடத்துகிற ஒருவன் அப்படி எழுதியது தவறு. அதற்காக என்னை நீக்கினார்கள். அதற்குப் பிறகு நான் செய்தது இது.’ அந்தக் கடைசி வரியில் சொல்ல உண்மையாகவே ஏதாவது இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல், அதற்கு நான் வார்த்தை எழுதித் தர முடியாது. முதல் ஓரிரண்டு வருடம் யாரையும் மேய்க்காத வேலையாகப் பாருங்கள். சம்பளம் குறையும். குறையட்டும்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், உங்கள் வீட்டு விஷயம் என்று கேள்வியில் அதை அச்சிடாமல் விட்டேன், ஆனால் பதிலில் தவிர்க்க முடியவில்லை. உங்கள் மனைவி அந்தப் பதிவுகளைப் படித்துவிட்டு எதுவுமே சொல்லவில்லை, ‘அவள் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேலே இரண்டு பத்தி தள்ளி, குழந்தைக்கு ஒன்றரை வயது என்றும் மனைவி வேலைக்குப் போகிறார் என்றும் இருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் அந்தப் பதிவைப் போட்டபோதோ அதற்குக் கொஞ்சம் முன்னாலோ அவரும் பிரசவ விடுப்பில்தான் இருந்திருப்பார். இன்டர்வியூவுக்கு எழுதி வைக்கும் அந்த நான்கு வரியை வேறு யாரிடமும் சொல்லிப் பார்ப்பதற்கு முன்னால் அவரிடம் சொல்லுங்கள், சொல்லிவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.